ஹார்லன் குழியின் நாய்

கேப்டன் சீவெர்ட் நேஸ்ஹைம் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. கப்பல் முதலாளியை நம்பமாட்டார். வரைபடத்தை நம்பமாட்டார். காற்றழுத்தமானியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அதையும் நம்பமாட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரே ஒரு ஜீவனைத்தான். ஹார்லன் குழியின் குன்றுச்சியில் குடியிருந்த பாஸோப் என்ற நாய் அது. நார்வேக்காரர்கள் பேச்சில் பாஸோப் என்றால் ஜாக்கிரதை என்று அர்த்தம்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மெண்டோசினோ கரையில் மரக்கப்பல் ஓட்டிய யாரும் இதற்குச் சிரித்ததில்லை. எங்கள் கரையில் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. செங்குத்தான குன்றுகளுக்கு நடுவே ஆங்காங்கே சின்னச் சின்னக் குடாக்கள். மாலுமிகள் அவற்றுக்கு வைத்த பெயரே நாய்க்குழி. ஒரு நாய் உள்ளே போய் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பத்தான் இடமிருக்கும் என்பது கணக்கு. அதற்குள் ஒரு நீராவிக் கப்பலைக் கொண்டுபோய்க் கட்டி, மேலேயிருந்து இறங்கும் ரெட்வுட் மரப்பலகைகளை வாங்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். பூகம்பத்துக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோ மறுபடி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எவ்வளவு மரம் போனாலும் அங்கே போதவில்லை. ஆனால் வருஷத்தில் பாதி நாள் மூடுபனி வந்து குன்று, கடல், கப்பலின் மூக்கு எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அந்த மாதிரி நாளில் கேப்டன் விசிலை ஊதுவார். குன்றில் பட்டு எதிரொலி திரும்பும்வரை விரல் மடக்கி எண்ணுவார். குன்று எவ்வளவு தூரம் என்று அதில் தெரிந்துவிடும். எந்தக் குன்று என்பதை எதிரொலி சொல்லாது. அதற்குத்தான் நாய். ‘ஓரா பிளெட்சர்’ கப்பலின் விசில் காதில் விழுந்ததும் பாஸோப் குன்று விளிம்புக்கு ஓடிவந்து சின்னதாக இரண்டு முறை குரைக்கும். மூன்றாவதை நீளமாக இழுக்கும். கேப்டன் உடனே சுக்கானைத் திருப்பச் சொல்லுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கப்பல் பாறையை முத்தமிட்டதில்லை.

வழிகாட்டிக்குக் கூலி கொடுக்காத கேப்டன் உருப்பட மாட்டான் என்பது அவர் கொள்கை. அதனால் ஒவ்வொரு பயணத்திலும் பாஸோப்புக்கு ஒரு பெரிய மாட்டெலும்பு கொண்டுவருவார். குன்றுச்சியிலிருந்து குழியின் நடுவேயுள்ள பாறைக்கு ஒரு தடித்த இரும்புக் கம்பி கட்டியிருந்தது. பலகைகள் ஒரு தொட்டியில் ஏறி, அதில் தொங்கிக்கொண்டு சறுக்கி இறங்கும். காலியாக மேலே போகும் தொட்டியில் எலும்புப் பொட்டலத்தை வைத்து அனுப்புவார். அடுத்த நடையில் காட்டுப்பழம் வைத்துச் சுட்ட ஓர் அப்பம், தகரத் தட்டோடு இறங்கி வரும். அதை அனுப்புவது நாயின் சொந்தக்காரி ரக்னில்ட் லுண்டே. மரம் வெட்டப்போன கணவனைக் காட்டில் பறிகொடுத்தவள். கம்பியில் வேலை செய்யும் ஆட்களுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்துபவள். தட்டை அடுத்த பயணத்தில் கேப்டன் கழுவித் துடைத்து, புது எலும்போடு திருப்பி அனுப்புவார்.

இது நாய்க்கும் கப்பலுக்கும் உள்ள வியாபாரம் என்று கேப்டன் ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ரக்னில்ட் ஒருமுறை நகரத்துக்குப் போக அவர் கப்பலில் ஏறினாள். அந்தத் தொட்டியில், தலையில் தொப்பியும் மடியில் பெட்டியுமாக, ஏதோ தேவாலயத்துக்குப் போகிறவள் போல உட்கார்ந்து கம்பியில் இறங்கி வந்தாள். இறங்கியதும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டாளாம். அந்த இரண்டு நாள் பயணத்தில் கேப்டன் அவளிடம் பேசியது காற்றைப் பற்றி நாலு வார்த்தை. அதற்குப் பிறகு நல்ல கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். ஆனால் மேலே போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. கேப்டன் கப்பலை விட்டு இறங்கக்கூடாது என்று காரணம் சொல்லுவார். சான் பிரான்சிஸ்கோவில் முடிவெட்டிக்கொள்ள இறங்கும்போது மட்டும் இந்தச் சட்டம் அவருக்கு ஞாபகம் வந்ததில்லை. உண்மை என்னவென்றால், புயலுக்குப் பேர்போன கேப் ஹார்ன் முனையை ஆறு முறை சுற்றி வந்த அந்த மனிதருக்குக் கம்பியில் தொங்கப் பயம். கப்பலிலிருந்து மேலே போக வேறு வழியும் கிடையாது.

போன பயணத்தில் அப்பத்தட்டுக்கு அடியில் ஒரு காகிதம் வந்தது. விடுதியை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டதாகவும், அக்டோபர் முதல் ஞாயிறன்று குதிரை வண்டியில் யுரேகாவுக்கு, தங்கையோடு இருக்கப் போய்விடுவதாகவும் எழுதியிருந்தாள். கடைசி வரி: ‘தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.’

கேப்டனுக்கு அடுத்த பதவியிலிருந்த மேட் வைனோ ஃபின்லாந்துக்காரன், வாயைத் திறந்தால் குத்தல்தான். சமையல்காரன் எமில் அந்த அப்பங்களில் முக்கால்வாசியைத் தின்று வளர்ந்தவன். இருவரும் அந்தக் கடைசி வரியின் அர்த்தம் என்ன என்று ஒரு வாரம் விவாதித்தார்கள். கோபத்தில் எழுதியது என்றான் வைனோ. தட்டை நேரில் கொண்டுவா என்று எழுதியிருக்கிறாள், இதுகூடப் புரியாத ஆளை நம்பியா இத்தனை நாள் கடலில் வந்தோம் என்றான் எமில். கேப்டன் இருவரையும் அதட்டிவிட்டு அறைக்குள் போய் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். நாலு வரிக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. அதை எலும்புப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டினார்.

“கேப்டன், கல்யாணக் கேள்வியை எலும்போட சேத்தா அனுப்பப் போறீங்க?” என்றான் வைனோ. “முதல்ல நாய் படிச்சுட்டுத் தலையாட்டட்டும்னா?”

கேப்டன் பொட்டலத்தின் முடிச்சை இறுக்கினார். அவர் திட்டமே கிட்டத்தட்ட அதுதான்.

அவர்கள் ஹார்லன் குழிக்கு வெளியே வந்து சேர்ந்தது சனிக்கிழமை காலை. மறுநாள் ஞாயிறு. மூடுபனி அப்படியோர் அடர்த்தி. கேப்டன் மேல்தளத்தில் நின்று விசிலை ஊதினார். எதிரொலி வந்தது. விரல் மடக்கினார். இடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

நாய் குரைக்கவில்லை.

மறுபடி ஊதினார். மறுபடி. அலை பாறையில் மோதும் சத்தம். எங்கோ கடல் சிங்கங்களின் முக்கல். பிறகு மேலேயிருந்து யாரோ வாணலியைக் கரண்டியால் அடிக்கும் சத்தம். அவ்வளவுதான். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. ஒரு நாள் முந்தியே போய்விட்டாள், நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று அவர் மனம் சொன்னது. ஒன்பது வருஷம் கையில் இருந்தபோது சும்மா இருந்தவருக்கு, ஒரு நாள் குறைந்துபோனது தாங்கவில்லை.

வைனோ தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். “கேப்டன், அந்த வாணலிச் சத்தத்தைக் கேளுங்க. ரெண்டு சின்ன அடி, அப்புறம் ஒண்ணு நீளமா. பாஸோப் குரைக்கிற கணக்கு மாதிரியே இல்ல?”

“நாய் நாய்தான், வாணலி வாணலிதான். இந்தக் கரையில சமையல்காரன் இருக்கிற இடமெல்லாம் வாணலி இருக்கு. எவனோ ஆளுங்களைச் சாப்பிடக் கூப்பிடுறான்.”

“நம்ம விசிலுக்கு அப்புறம்தான் அடிக்கிறாங்க.”

“வைனோ, நான் நாய் சொன்னாத் திருப்புவேன். வாணலி சொன்னாத் திருப்பமாட்டேன்.”

ஒன்றரை மணி நேரம் கப்பல் அங்கேயே ஆடிக்கொண்டு கிடந்தது. அடுத்த துறைக்குப் போய் மரம் ஏற்றிக்கொள்ளலாமே என்று வைனோ ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான். கேப்டன் காதில் வாங்கவில்லை. உள்ளே போனால் ஒன்பது பேரின் உயிரையும் கப்பலையும் பணயம் வைக்க வேண்டும். அது அவரால் ஆகாது. போகாவிட்டால் நாளை அவள் இல்லை. அதுவும் அவரால் ஆகாது. கடைசியில் சின்னப் படகை இறக்கச் சொன்னார். இது கப்பல் வேலை இல்லை, என் சொந்த வேலை, கப்பல் வைனோ கையில் இருக்கட்டும் என்றார். எலும்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். கழுவித் துடைத்த அப்பத்தட்டை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நல்ல கோட்டுக்குள் செருகினார். துடுப்புப் போட எமில் தானாகவே முன்வந்தான். அவனுக்கும் அந்த வீட்டில் ஓர் அக்கறை இருந்தது அல்லவா.

கப்பல் பத்துத் துடுப்பு வீச்சில் மறைந்துவிட்டது. வெள்ளைப் பஞ்சுக்குள் இரண்டு பேரும் ஒரு படகும். கொஞ்ச தூரம் போனதும் கேப்டன் நிறுத்தச் சொன்னார். நாய் வீட்டிலிருந்தால் எப்படியாவது அதைப் பேசவைக்க வேண்டும். படகில் விசில் இல்லை. எமில் பக்கம் திரும்பாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐம்பத்தேழு வயதுக் கேப்டன் சீவெர்ட் நேஸ்ஹைம் பனியைப் பார்த்துச் சின்னதாக இரண்டு முறை குரைத்தார். மூன்றாவதை நீளமாக இழுத்தார்.

எமிலின் துடுப்பு அந்தரத்தில் நின்றுவிட்டது.

மேலே வாணலி உடனே பதில் கொடுத்தது. இரண்டு சின்ன அடி. பிறகு கரண்டியை வாணலியின் வயிற்றில் போட்டுக் கடகடவென்று உருட்டிய நீளமான ஒன்று.

கேப்டன் மறுபடி குரைத்தார். வாணலி மறுபடி.

“கேப்டன்,” என்றான் எமில் மெதுவாக, “வாணலி குரைக்குது.”

ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடும் எந்தச் சமையல்காரனும் நாய்க்குப் பதில் சொல்லமாட்டான். இதைப் புரிந்துகொள்ளக் கேப்டனுக்கு இன்னும் இரண்டு குரைப்பு தேவைப்பட்டது. அப்புறம் அவர் குரைக்க, வாணலி அடிக்க, எமில் அந்தச் சத்தத்தைப் பார்த்துத் துடுப்புப் போட்டான். கால் மணி நேரத்தில் கம்பி கட்டிய பாறை படகின் மூக்கில் முட்டியது.

எமில் மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். கம்பி கிறீச்சிட்டது. தொட்டி பனிக்குள்ளிருந்து ஆடியபடி இறங்கி வந்து நின்றது. கேப்டன் அதைப் பார்த்தார். நனைந்த பலகை, நாலு சங்கிலி, பிடிக்க ஒரு கயிறு. படகை விட்டு அவர் எழவில்லை. பொட்டலத்தைக் கொடுங்கள், வழக்கம்போல நான் வைத்து அனுப்பிவிடுகிறேன் என்றான் எமில், நல்ல மனதோடு. ஒரு நொடி கேப்டனின் கை பொட்டலத்தோடு அவன் பக்கம் நீண்டது. பிறகு அதை இழுத்துக்கொண்டார். தொட்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, எலும்பைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மேலே போகும் வழி முழுதும் தனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையை, அது சாப்பாட்டுக்கு முன் சொல்வது என்று தெரிந்தும், விடாமல் சொன்னார்.

மேலே கம்பி மேஸ்திரி மன்யுவெலும் நாலைந்து ஆட்களும் நின்றிருந்தார்கள். கேப்டனைக் கைகொடுத்து இறக்கினார்கள். மன்யுவெல் பொட்டலத்தைப் பார்த்தான், கேப்டனைப் பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்களின் தோள் குலுங்கியது.

“நாய்க்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் கேப்டன்.

“அதை நீங்க அவங்ககிட்டயே கேட்டுக்கங்க, கேப்டன்,” என்றான் மன்யுவெல். “நாங்க சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. ரெண்டு வருஷமா வாயைக் கட்டிப்போட்டிருக்காங்க.”

சமையல்கட்டில் ரக்னில்ட் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, மூக்கு சிவந்திருந்தது, காய்ச்சல் கண்ணில் தெரிந்தது. மடியில் வாணலி, கையில் கரண்டி. அவரைக் கண்டதும் எழுந்தாள். வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. தொண்டை மொத்தமாகக் கட்டியிருந்தது. சுவரோரம் இரண்டு பெட்டிகள் கட்டிவைக்கப்பட்டுத் தயாராக நின்றன.

“மிஸஸ் லுண்டே,” என்றார் கேப்டன். தப்பிக்க ஒரு வழியாக, பொட்டலத்தை நீட்டினார். “பாஸோப்புக்கு. எங்க அவன்?”

அவள் சுவரைக் காட்டினாள். ஓர் ஆணியில் தோல் கழுத்துப்பட்டை மட்டும் தொங்கியது. பிறகு ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரத்தைக் காட்டினாள். அதன் அடியில் ஒரு கல் நட்டிருந்தது.

“எப்ப?”

இரண்டு விரல் காட்டினாள்.

“ரெண்டு நாளா?”

தலையசைத்து மறுத்தாள்.

“ரெண்டு மாசமா?”

அவள் சாப்பாட்டுப் பட்டியல் எழுதும் கரும்பலகையை எடுத்துச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டினாள்: இரண்டு வருஷம்.

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு குளிர்காலம் அவர் தலைக்குள் பின்னோக்கி ஓடியது. போன ஜனவரியில், பாஸோப்புக்கு வயசாகிவிட்டது, குரல் மெலிந்துவிட்டது என்று வைனோவிடம் சொல்லி, எலும்பைப் பெரிதாக்கியவர் அவர்தான். தன் காதைப் போல இந்தக் கரையில் காது கிடையாது என்று அன்று பெருமையும் அடித்துக்கொண்டார்.

“அப்ப குரைச்சது...”

ரக்னில்ட் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலைத் தாண்டிக் கன்னம் சிவந்தது. பிறகு பலகையில் எழுதினாள், நிறுத்தி நிறுத்தி. நாய் போய்விட்டது என்று தெரிந்தால் நீங்கள் பனியில் வேறு குழிக்குப் போய்விடுவீர்கள். எழுதியதைத் துடைத்தாள். அல்லது இதற்குள் வந்து பாறையில் மோதுவீர்கள். அதையும் துடைத்தாள். எலும்பை ஆட்களுக்குச் சூப் வைத்தேன். அடுத்த தடவை கொஞ்சம் கறி விட்டு வாங்கவும்.

கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. விடிகாலைப் பனியில், குன்றின் விளிம்பில், சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி வந்து நின்று இரண்டு வருஷம் தனக்காகக் குரைத்திருக்கிறாள். அவரோ அவளுக்கு எலும்பு அனுப்பிக்கொண்டிருந்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்கு நடுவே இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்துக் கடிதத்தைத் தேடினார். எலும்பின் கொழுப்பு ஊறி, மூன்று நாள் எழுதிய நாலு வரியும் ஒரே நீலக் கறையாக இருந்தது. அதை மடித்து அடுப்பில் போட்டார். இனி வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

“ரக்னில்ட்,” என்றார். அந்தப் பெயரை அவர் சத்தமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. “யுரேகாவுக்குப் போகாதீங்க. எனக்குப் பேச வராது. இன்னிக்கு அந்தக் கம்பியில ஏறி வந்தேன். அதை வச்சுப் புரிஞ்சுக்கங்க. என்னைக் கட்டிக்குவீங்களா?”

அவள் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து விசில் சத்தம் வந்தது. வைனோ பொறுமையிழந்து கப்பலைக் கிட்டத்தில் கொண்டுவந்திருந்தான். ரக்னில்ட் வாணலியை எடுக்கப் பாய்ந்தாள். கேப்டன் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். தன் கோட்டைக் கழற்றாமல், தொப்பியை மட்டும் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

குன்றின் விளிம்பில் கம்பி ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் குரைப்பதற்கு அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதே இடத்தில் அவள் குரைத்திருக்கிறாள், இதே ஆட்கள் முன்னால், எத்தனையோ தடவை. அவர் இரண்டு கையையும் வாயருகே குவித்தார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். கீழே விசில் ஒரு தடவை குட்டையாக ஒலித்து ஒப்புக்கொண்டது. எஞ்சின் சத்தம் நெருங்கியது. திரும்பத் திரும்பக் குரைத்தார். கால் மணி நேரத்தில் ‘ஓரா பிளெட்சர்’ கம்பிப் பாறையருகே பத்திரமாக வந்து நின்றது. அன்றைய கப்பல் நாட்குறிப்பில் வைனோ இப்படி எழுதிவைத்தான்: ‘பத்து மணி. மூடுபனி. நாய் குணமாகிவிட்டது.’

கேப்டன் உள்ளே திரும்பியபோது அவர் தொண்டையும் கட்டியிருந்தது. ரக்னில்ட் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. கரும்பலகை மேசையில், அவர் தொப்பியின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

‘இரண்டு வருஷமாகக் குரைத்துச் சொன்னேன். இன்னும் எப்படிச் சொல்வது?’

கேப்டன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கோட்டுக்குள் கைவிட்டு, தகரத் தட்டை எடுத்து, பாஸோப்பின் கழுத்துப்பட்டைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஆணியில் மாட்டினார்.